எட்டடி வாசல்

செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன், கை ஓடவில்லை. நலமா என்று கேட்பதும் இப்போதைக்கு இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவனுக்கு அடுத்தவர் வீட்டுச் சுவரை இடிக்கிற யோசனையெல்லாம் வராது.

ஏழு வருஷத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். நீ வேலை பார்க்கிற ஊர் விலாசத்தை உன் மனைவியிடம் வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய். சின்ன வயதிலிருந்தே என்னை ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல விட்டதில்லை. கடிதத்தில் உன் பாச்சா பலிக்காது. உட்கார்ந்து கடைசி வரை படி.

இன்று கம்பெனியில் ஏகப்பட்ட வேலை. உனக்குத்தான் தெரியுமே, தைத்து வருகிற சட்டைகளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. காலர் கோணல், பட்டன் தளர்ச்சி, பிசிறு நூல் என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கண் எரிய, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து சந்து வாசலைத் திறந்தால் கட்டில் மேல் அரை அங்குலத்துக்குச் செங்கல் தூள். குடிதண்ணீர்ப் பானையில் தூள். மடித்து வைத்த துணியில் தூள். நிமிர்ந்து பார்க்கிறேன். உன் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவில் நீ எழுப்பினாயே, அந்தச் சுவரில் கூரைக்குக் கொஞ்சம் கீழே ஒரு முழ உயரத்துக்கு நீளமாகப் பிளந்திருக்கிறது. பிளவு வழியாக உங்கள் ஹால் மின்விசிறி தெரிகிறது. ஏழு வருஷம் கழித்து அந்த மின்விசிறியைப் பார்த்தேன். இன்னும் அதே ஆட்டம் ஆடிக்கொண்டுதான் சுற்றுகிறது.

பிளவுக்குள் ஒரு தலை வந்தது. கொத்தனார். “யாருங்க அது?” என்று கேட்டார். என் வீட்டில் நிற்கிற என்னைப் பார்த்து! வந்ததே எனக்குக் கோபம். போட்ட சத்தத்தில் அவர் ஸ்டூலிலிருந்து இறங்கிச் சந்தைச் சுற்றி ஓடி வந்தார், வந்த வேகத்தில் என் வாசலில் நெற்றியை ‘ணங்’கென்று இடித்துக்கொண்டார். சாமான் அறைக்கு வைத்த வாசல் அது, ஐந்தடி. நீ சுவர் எழுப்பிய பிறகு எனக்கு அதுதான் தலைவாசல். உனக்கு மறந்திருக்காது, அந்த அறைக்கு ஏதாவது எடுக்கப் போய் நீ இடித்துக்கொள்ளாத நாள் உண்டா? இந்த உலகத்தில் நான் மட்டும் குனியாமல் போய்வருகிற வாசல்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “நீங்கதான் அக்காவா?” என்றார். ஆமாம் என்றேன். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “வேற அக்கா யாராச்சும் இருக்காங்களா?” என்றார். ஒருத்தியையே வைத்துக்கொள்ள உங்கள் முதலாளிக்கு வக்கில்லை, இன்னொருத்தி எதற்கு என்று கேட்டேன். “தம்பி வாசல் எடுக்கச் சொன்னாரும்மா” என்றார். வாசல் எடுக்கிறவர் ஏன் கூரையில் போய் இடிக்கிறீர், யானை ஏதும் வருகிறதா என்றேன். “அளவு அங்கதாம்மா வருது” என்று தலையைச் சொறிந்தார். என்ன அளவோ.

அப்புறம் உன் மனைவி வந்தாள். அவளும் குனிந்துதான் வந்தாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. நான் ஒன்று சொல்வதற்கு முன்னால், “அண்ணி, அவரு உங்ககிட்ட பேசிட்டேன்னு சொன்னாரே, நீங்களும் சரின்னுட்டதா சொன்னாரே” என்றாள். எப்படி இருக்கிறது கதை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எங்கே கற்றாய் நீ? நான் என்றைக்கு உன்னிடம் பேசினேன்? என்றைக்குச் சரி என்றேன்? என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கர்ப்பப்பையில் கட்டி, இருபத்துநாலாம் தேதி ஆபரேஷன், பத்து நாள் ஆஸ்பத்திரி, அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு குடம் தூக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். உனக்கு லீவு கிடைக்காதாம். அவளுக்கும் பெற்றவர்கள் இல்லை. அதனால் உன் மகள் என் பொறுப்பாம். அவள் இங்கும் அங்கும் போய்வரத்தான் இந்த வாசலாம்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள். சுவர் இருந்தால்தான் சித்திரம். அவள் உடம்பு தேறட்டும். என் கோபமெல்லாம் உன் மேல்தான். சுவரைத் திறக்கத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லையா? ‘அக்கா, இப்படி ஒரு கஷ்டம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாயா’ என்று ஒரு வரி. ஒரு வரிக்கு எத்தனை செங்கல் உடைத்திருக்கிறாய்!

யாரிடம் பிள்ளையை விடப் பார்க்கிறாய் என்றாவது யோசித்தாயா? ‘உன்கிட்ட குடுத்தது என் தப்பு, இனிமே எம்பொண்ணத் தொடாதே’ என்று நீ சொன்ன அதே அக்காவிடம். ஆஸ்பத்திரி வரிசையில் அத்தனை பேர் பார்க்கச் சொன்னாய். வீட்டுக்கு வந்து தெரு கேட்க மறுபடியும் சொன்னாய். அப்போது அவளுக்குப் பதினோரு மாதம். கட்டிலிலிருந்து விழுந்து கை எலும்பு முறிந்தது. பால் பொங்குகிறதே என்று நான் எழுந்து போனது உண்மை. அதை என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் கட்டிலின் பக்கக் கம்பியில் கொக்கி கழன்றிருக்கிறது, சரி பண்ணு என்று உனக்கு மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றாய். கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாய். அவள் சாய்ந்ததும் அந்தக் கயிறுதான் அவிழ்ந்தது.

அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். பிள்ளை வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது கொக்கியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் உன் முகமே என் பக்கம் திரும்பவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் சுவர் எழும்பிவிட்டது. கொக்கிக்கு நேரமில்லை, சுவருக்கு நேரமிருந்தது.

அதன் பிறகு நான் இந்தத் தெருவில் எப்படி நடந்தேன் என்று தெரியுமா? எதிரே கைக்குழந்தையோடு யாராவது வந்தால், அவர்கள் விலகுவதற்கு முன்னால் நானே விலகிவிடுவேன். தலை நிமிர்ந்ததில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போதே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். ஒருநாள் கீழே போட்டிருக்கிறேனா?

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். ஏழு வருஷமாக அந்தக் காது நான்தான். உன் மகள் வாய்ப்பாடு சொல்லும்போது ஏழெட்டில் வந்து தடுக்குவாள். ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்று இந்தப் பக்கம் நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

கொத்தனாரை நிறுத்தி வைத்திருக்கிறேன். உனக்கு ஒரே ஒரு கேள்வி. சொன்னாயே ‘தொடாதே’ என்று, அதைத் திரும்பப் பெறுகிறாயா இல்லையா? கொத்தனார் மூலமாக வேண்டாம். உன் மனைவி மூலமாகவும் வேண்டாம். உன் கையால் எனக்கு எழுது. அதுவரை அந்தச் சுவர் இருந்த இடத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அக்கா (ஊரில் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்)


ஞாயிற்றுக்கிழமை

தம்பிக்கு,

கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். வந்தது என்று வியாழக்கிழமை போனில் சொன்னாயாம். பிறகு உன் மனைவியிடம், ‘வேலை எந்த அளவுல இருக்கு?’ என்று கேட்டாயாம். பத்து நாளாகத் தபால்காரரை எதிர்பார்த்து நின்றதற்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். நல்ல பிள்ளை.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று நானே சொல்கிறேன். கொத்தனாரை நான் நிறுத்தினேன் இல்லையா, அவர் மூன்றாம் நாளே வந்து நின்றுவிட்டார். “கோவம் உங்க தம்பி மேல வெச்சுக்கங்கம்மா, சுவத்து மேல வேண்டாம். மேல பிளந்து வெச்சாச்சு, தாங்க ஆளில்ல. இப்படியே விட்டா அதுவா ஒரு வாசல் எடுத்துக்கும்” என்றார். நியாயமாகப் பட்டது. மேலே சுமை தாங்க முதலில் கான்கிரீட் லிண்டலை உள்ளே கொடுத்து, கீழே முட்டுக் கொடுத்து, நாலைந்து நாள் தண்ணீர் ஊற்றி, அது இறுகிய பிறகுதான் கீழே இருக்கிற செங்கலை எடுக்க வேண்டுமாம். எங்கள் கம்பெனியில் பட்டனுக்குக் காஜா எடுப்பதும் அப்படித்தான். சுற்றி நூல் போட்டுவிட்டுத்தான் நடுவில் துணியை வெட்டுவோம். முதலில் வெட்டினால் பிசிறு பிசிறாகப் பிரிந்து போகும். உனக்கு எப்போதும் முதலில் வெட்டித்தான் பழக்கம்.

சரி, லிண்டலை மட்டும் போடும் என்றேன். உனக்காக இல்லை, சுவருக்காக. ஆனால் செங்கல் எடுக்கிற வேலை ஒருமுறை தொடங்கினால் நிற்கிறதா? வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வரும்போது லிண்டலுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. ஓட்டையில் உன் மகள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கால் உன் வீட்டில், ஒரு கால் என் வீட்டில். தலை முழுக்கச் சிமெண்ட் தூள். என்னைப் பார்த்து, “நீங்கதான் அந்தப் பக்கம் இருமுற அத்தையா?” என்றாள். ஆமாம் என்றேன். “ராத்திரி நெறைய இருமுறீங்க, டாக்டர்கிட்ட போங்க” என்றாள். பெரிய மனுஷி. உன்னை மாதிரி இல்லை, வாய் திறந்து பேசுகிறாள்.

கையை நீட்டினாள், இறக்கிவிடச் சொல்லி. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். நீயாகவே இறங்கு என்றேன். குதித்து இறங்கினாள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

இனி நிலை வந்த கதை. நேற்றுக் காலை வண்டியில் கதவு நிலை வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கினார்கள். நட்டுவைத்தால், அம்மாடி, கூரைக்கும் அதற்கும் இரண்டு அடிதான் இடைவெளி. எட்டடி! கதவு வேறு தனியாக அதே நீளத்துக்கு. தெரு முழுக்க எட்டிப் பார்க்கிறது. இது என்ன வீட்டு வாசலா, கோட்டை வாசலா என்று கொத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் உண்மையைச் சொன்னார். நீ போனில் சொன்னாயாம், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “அண்ணே, மத்த அளவெல்லாம் உங்க இஷ்டம். எங்கக்கா தலை குனியாம வரணும். அது ஒண்ணுதான் எனக்கு முக்கியம்.”

அவர் யோசித்தாராம். சாதாரணமாக வைக்கிற ஏழடி நிலையில் யாருமே குனிய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஒருத்தர் வேலை மெனக்கெட்டு இப்படிச் சொல்கிறார் என்றால், “அந்தம்மா பயங்கர உசரம் போலிருக்கு” என்று, என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆசாரியிடம் தனியாகச் சொல்லி எட்டடிக்கு அடித்துவிட்டாராம். முதல் நாள் என்னைப் பார்த்ததும் வேறு அக்கா இருக்கிறாளா என்று கேட்டாரே, அது இதற்குத்தான். நாலடி பதினோரு அங்குலம் நான். எனக்கு மேல் இன்னொரு அக்கா ஏறி உட்கார்ந்தாலும் இடிக்காது.

சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிச்சா வலிக்குது அண்ணி, சிரிச்சா வலிக்குது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளும் நானும் சேர்ந்து சிரித்து ஏழு வருஷம் ஆகிறது.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. தலை குனியக் கூடாதாம்! இதை நீ கொத்தனாரிடமா சொல்வாய்? சிமெண்ட் கலக்கிறவரிடமா சொல்வாய்? என்னைத் தலை குனிய வைத்தது எந்த நிலை, எந்த லிண்டல்? நீ. உன் வாய். அந்த வாயால் எனக்குச் சொல்ல வேண்டியதை ஊர் பேர் தெரியாத ஒரு மனிதரிடம் சொல்லி, அவர் அதை அடிக்கணக்காக்கி, மரத்தில் செய்து என் வீட்டில் நட்டுவைத்திருக்கிறார். மனசில் இவ்வளவு இருக்கிறவன் ஏழு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய்? ஒன்றுமே இல்லை என்று நினைத்து நான் பாட்டுக்கு இருந்தேனே. அது எவ்வளவு நிம்மதி தெரியுமா? அதையும் கெடுத்துவிட்டாய்.

ஒரு அடி அறுத்துக் குறைத்துவிடட்டுமா என்று கொத்தனார் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். வருகிறவர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்கட்டும். நான் பதில் சொல்கிறேன்.

தாழ்ப்பாளை உங்கள் பக்கம் வைக்கப் போனார்கள். என் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டேன். உன் மனைவி அதுதான் சரி என்றாள். அவளுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லை.

இன்று பதினாலாம் தேதி. ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். உன் மகள் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிறாள். அத்தை, அத்தை என்கிறாள். நான் திறக்கவில்லை. எழுது.

உன் அக்கா


செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு,

நீ எழுதவில்லை. தேதி வந்துவிட்டது. உன் பதிலுக்காக ஆஸ்பத்திரி காத்திருக்குமா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். உன் மனைவி நேற்று எழுந்து நாலு எட்டு நடந்தாள். கம்பெனியில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். பகலில் ஒரு நர்ஸம்மா பார்த்துக்கொள்கிறார், சாயங்காலம் நானும் உன் மகளும் போய் வருகிறோம். உன் மகளுக்குச் சாப்பாட்டில் குறை ஒன்றுமில்லை. ஏழெட்டில் இப்போது தடுக்குவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உன் உத்தரவை மீறிவிட்டேன்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலமே தாழ்ப்பாளை எடுத்தேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போதும் நான் தொடவில்லை. சோறு போட்டுத் தட்டை நகர்த்தி வைத்தேன். பாய் விரித்துத் தள்ளிப் படுத்தேன். காலையில் பள்ளிக்கூடச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள், சட்டைக் கை மேலே ஏறி நிற்கிறது. வளர்ந்துவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை. மடிப்பைப் பிரித்து இறக்கித் தைக்கலாம் என்று டேப்பை எடுத்தேன். கையை நீட்டு என்றேன். நீட்டினாள்.

இருபது வருஷமாகச் சட்டைக் கை அளக்கிறேன். வலது கையையும் இடது கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒரு நூல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சட்டையை ஒதுக்கிவிடுவேன். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு. மறுபடியும் ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை. “கூசுது அத்தை” என்றாள். ஒரு நூல் வித்தியாசம் இல்லை, தம்பி. எது முறிந்த கை என்று எனக்கே தெரியவில்லை. அவளைக் கேட்டேன். என் கை எப்ப உடைஞ்சுது என்று என்னைத் திருப்பிக் கேட்கிறாள். நீங்கள் யாரும் அவளிடம் சொன்னதே இல்லையாமே. அவளுக்கே தெரியாத ஒன்றுக்காக ஏழு வருஷம்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிவிட்டது. கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன், தெரு நடுவில், எல்லோரும் பார்க்க. எதிரே வந்தவர்கள் யாருக்கும் நான் விலகவில்லை. அவர்கள் விலகினார்கள். நீ என்ன செய்ய முடியுமோ செய்துகொள்.

அடுத்த மாதம் லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். வழக்கம்போல என்னிடம் சொல்லவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வராதே. தீரவில்லை. உன்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் ஏறும் என்றுதான் நினைக்கிறேன்.

வந்ததும் எட்டடி வாசல் வழியாக என் பக்கம் வரக் கூடாது. அது உன் மகள் ஓடி வருகிற வாசல். அதன் தாழ்ப்பாளை இப்போது நான் போடுவதில்லை, ஆனாலும் உனக்கு அது வழியில்லை. தெருவில் இறங்கி, சந்தைச் சுற்றிக்கொண்டு, என் தலைவாசலுக்கு வா. டேப் வைத்து இன்று அளந்து பார்த்தேன். சரியாக ஐந்தடிதான் இருக்கிறது. நீ ஆறடி.

பார்த்து வா. நெற்றியில் இடித்துக்கொள்ளாதே.

அன்புள்ள,
அக்கா